நூற்றைம்பதுக்குக் கீழே

தேவசகாயத்தின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கரடிச்சோலை ஊருக்கே தெரியும். முடிவெட்டும் கடையில் தெரியும், மாதா கோயில் பாடகர் குழுவுக்குத் தெரியும், எஸ்டேட் மருந்தகத்தில் பஞ்சு விற்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள விரும்பாத ஒரே ஆள் தேவசகாயம்தான்.

அவர் கரடிச்சோலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் காலை ஆறு நாற்பது பேருந்தின் ஓட்டுநர். வயது ஐம்பத்திரண்டு. சமவெளியில் ஓட்டுநரே இல்லாத பேருந்துகள் ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. மலையில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் மூடுபனி. அதில் காட்டெருமை நின்றால் அது பாறையா மாடா என்று இயந்திரம் யோசித்துக்கொண்டே நின்றுவிடும். மனிதர்கள்தான் ஹாரனைத் தொடாமல், விளக்கைத் தணித்து, அது நகரும்வரை பொறுமையாக இருப்பார்கள். ஆகவே மலைப் பேருந்து வாரியம் மனிதர்களை வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டு, அவர்களுக்கு நாடிப்பூட்டு மாட்டியது.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருடம் முன்பு வேறொரு தடத்தில் ஓர் ஓட்டுநருக்கு வண்டியிலேயே பக்கவாதம் வந்து, பேருந்து பள்ளத்தின் விளிம்பில் முன்சக்கரம் தொங்க நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டுநர் இருக்கையிலும் ஒரு துணிப்பட்டை தொங்கியது. இடது கையை அதற்குள் விட வேண்டும். அது புஸ் புஸ் என்று காற்றடைத்துக் கையை நெரித்து, பிறகு தளர்ந்து, முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் பலகையில் எண்ணைக் காட்டும். நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை, வண்டி உயிர் பெறும். மேலே போனால் சிவப்பு, பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். மூன்று முறையும் சிவப்பு என்றால் பொள்ளாச்சியிலிருந்து மாற்று ஓட்டுநர் வரும்வரை இரண்டு மணி நேரம் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரே மாதத்தில் ஏழு முறை அப்படிப் பூட்டிவிட்டால் ஓட்டுநருக்கு ஸ்டியரிங் கிடையாது. மிச்சக் காலத்தை டயர் பிரிவில் கழிக்கலாம்.

அந்த மாதம் தேவசகாயத்துக்கு ஐந்து முறை பூட்டிவிட்டது. தேதி பதினெட்டுதான் ஆகியிருந்தது.

அவருக்கு அந்தப் பட்டையோடு பழைய பகை. பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போயிருந்தார். ஓட்டத்தில் முதலாவதாக வந்தார், கயிறு ஏறினார். கடைசியில் ஒரு மேஜைமுன் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார்கள். புஸ் புஸ் சத்தம் கேட்டது. அளந்தவன் அவர் முகத்தையே பார்க்காமல் காகிதத்தில் குறுக்குக்கோடு போட்டுவிட்டு "அடுத்த ஆள்" என்றான். அவ்வளவுதான். அதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே அவர் நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். முப்பது வருடமாக எந்த மருத்துவரிடமும் கையை நீட்டியதில்லை. சளி என்றால் கஷாயம், முதுகுவலி என்றால் தைலம். இப்போது தினமும் காலையில் நாற்பது பேர் முன்னிலையில் நீட்ட வேண்டியிருந்தது.

பயணிகளும் சும்மா இல்லை. அவரவருக்கு அவசரம். தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி பாக்கியத்தாய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "யாரும் பேசாதீங்க, டிரைவருக்கு ஏறிரும்!" என்று கத்துவார். அந்தக் கத்தலிலேயே பத்து ஏறும். யாரும் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை. வழக்கமாக அவருக்கு நெல்லிக்காய் ஊறுகாய் கொடுக்கும் அம்மாள், "உப்பு ஆகாது தம்பி" என்று பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்புதான் அவரை வதைத்தது. பலகையில் எண் ஓடத் தொடங்கியதும் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதை முதுகில் உணர முடிந்தது.

இன்னும் மோசமானது, உன்னி டீக்கடைப் பந்தயம். நாளை காலை எண் எவ்வளவு என்று சரியாகச் சொல்பவருக்கு இரண்டு வடை. தேவசகாயம் ஒருநாள் டீ குடிக்கப் போனபோது கரும்பலகையில் தன் பெயரும் கீழே நான்கைந்து எண்களும் எழுதியிருப்பதைப் பார்த்தார். உன்னி அவசரமாகத் துடைத்தார். தேவசகாயம் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவி ஞானமணியிடம், "நான் என்ன மழைமானியா?" என்று கேட்டபோது குரல் கொஞ்சம் உடைந்துதான் போயிற்று.

நடத்துநர் மயில்சாமிக்கு இது பொறுக்கவில்லை. முப்பத்தொன்பது வயது, உருண்டு திரண்ட உடம்பு, ஓயாத சிரிப்பு. ஏழு வருடமாக இருவரும் ஒரே வண்டி.

"ஏனுங்ணா, நான் ஒன்னு சொல்லட்டுங்ளா?" என்றான், ஐந்தாவது பூட்டு விழுந்த அன்று மாலை. "நாளைக்கு என்ர கைய வெச்சுருவோம்."

"என்னடா சொல்ற?"

"காலைல இருட்டும் பனியுமாத்தான இருக்குது. நீங்க சால்வையப் போர்த்திக்கோங்க. நான் பக்கத்துல குனிஞ்சு டிக்கெட் மெஷின நோண்டற மாதிரி நிக்கறேன். சால்வைக்குள்ள என்ர கை. எவனுக்குத் தெரியும்?"

"தப்பு இல்லையா?"

"தப்புதானுங்க. ஆனா ஏழு ஆயிருச்சுன்னா நீங்க டயர் உருட்டப் போயிருவீங்க. அப்புறம் நான் யாரோட சண்ட போட்டுட்டு வர்றது?" அவன் தன் புஜத்தைத் தட்டிக் காட்டினான். "கல்லுங்ணா. தலவலின்னு ஒரு நாள் படுத்தது இல்ல. ஆஸ்பத்திரி வாசப்படி தெரியாது."

தேவசகாயம் இரவு முழுவதும் புரண்டார். காலையில் சால்வையை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் திட்டப்படியே நடந்தது. மயில்சாமி குனிந்தான். சால்வைக்குள் பட்டை அவன் கையைப் பிடித்தது. புஸ் புஸ். தன் கையில் இல்லாததால் அந்தச் சத்தம் தேவசகாயத்துக்கு முதல்முறையாக வேறு மாதிரி கேட்டது, சைக்கிள் கடையில் காற்றடிக்கிற மாதிரி.

பலகையில் எண் வந்தது. நூற்று எண்பத்தாறு. கீழே நூற்றுப் பதினான்கு.

பேருந்தே "அய்யோ" என்றது. பாக்கியத்தாய் எழுந்தேவிட்டார். "ஏய்யா, ராத்திரி கருவாடு தின்னியா?"

தேவசகாயம் மெல்லத் திரும்பி மயில்சாமியைப் பார்த்தார். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை.

"மெசின் ரிப்பேருங்ணா," என்று கிசுகிசுத்தான்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அவன் கையையே வைத்தான். நூற்று எண்பத்தெட்டு.

"உனக்கு நெஞ்சு வலிக்குதா? கண்ணு மங்குதா? பேச்சு குழறுதா?" தேவசகாயம் கேட்டார்.

"ஒன்னுமே இல்லீங். நல்லாத்தான் இருக்கறேன். அதான் சொல்றேன், ரிப்பேரு."

மூன்றாவது முறைக்குத் தேவசகாயம் தன் கையையே விட்டார். என்ன செய்கிறோம் என்றுகூட யோசிக்கவில்லை. மயில்சாமியின் அப்பா நாற்பத்தாறு வயதில் வயலில் விழுந்து இறந்ததாக என்றோ சொன்னது நினைவில் ஓடியது. இவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். படியில் தொங்கிக்கொண்டு வருகிறவன். பட்டை நெரித்தது, தளர்ந்தது, அவர் கவனிக்கவேயில்லை.

பேருந்து அதிரக் கைதட்டல் எழுந்தது. பலகையில் பச்சை. நூற்று நாற்பத்தாறு.

"ரைட்டு," என்றான் மயில்சாமி, வழக்கத்தைவிடச் சன்னமாக.

மத்தியானம் வண்டி மேலே திரும்பியதும் தேவசகாயம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வா, சுகாதார நிலையத்துக்குப் போவோம்."

"நாளைக்குப் போலாமுங்ணா."

"இன்னைக்கு."

"சரி, அப்ப நீங்களும் காட்டணும். உங்களுக்கு மட்டும் பயம் இருக்கலாம், எனக்கு இருக்கக்கூடாதா?"

தேவசகாயம் பிடியை விடாமல் நடந்தார். முப்பது வருடம் மிதிக்காத படியை அப்படித்தான் அவர் மிதித்தார், இன்னொருவனை இழுத்துக்கொண்டு போன வேகத்தில்.

டாக்டர் ஜுபைதா முதலில் மயில்சாமியைப் பார்த்தார். இரண்டு கையிலும் அளந்தார். கண்ணுக்குள் விளக்கடித்தார், இதயத்துக்கு ஒரு வரைபடம் எடுத்தார், சிறுநீர் கேட்டார். எல்லாம் முடிந்ததும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மயில்சாமி, நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் எதுவும் கெடலை. ஆனா ரொம்ப நாளா இருந்திருக்கு."

"எனக்கு ஒன்னுமே தெரியலீங்களே டாக்டர்?"

"பெரும்பாலும் தெரியாது. வலிச்சா எல்லாரும் ஓடி வந்துடுவாங்க. இது வலிக்காது, அதுதான் இதோட வில்லத்தனம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிங்க. நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. மூணு நாள் கழிச்சு வந்து காட்டுங்க. நடுவுல நெஞ்சு வலி, கை கால் மரத்துப்போறது, ஏதாவது இருந்தா உடனே வரணும்." பிறகு திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவருக்கு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தேவசகாயம் பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். சால்வையிலிருந்து வடைப் பந்தயம்வரை எல்லாமே வந்துவிட்டது.

டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இருங்க. வண்டியில அளக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"பேட்டரி வயர எல்லாம் பார்த்து, டயரத் தட்டிப் பார்த்து, மூட்டைகள மேல ஏத்திவிட்டு, உன்னி கடையில ஒரு ஸ்ட்ராங் காபி."

"உடனே கையை விடுவீங்க. கை எங்க இருக்கும்?"

"கீழ தொங்கும். பட்டை அங்கதான இருக்கு."

"முதுகு சாயாது, பின்னாடி நாற்பது பேர் பேசுவாங்க. ஒண்ணுக்குக்கூடப் போயிருக்க மாட்டீங்க." அவர் சிரித்தார். "இப்படி அளந்தா எனக்கே ஏறும்! அளக்கறதுக்கு அரை மணிக்கு முன்னாடி காபி கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா சாஞ்சு உட்காரணும், கால் ரெண்டும் தரையில, கை நெஞ்சு உயரத்துல. அது இல்லாம சிலருக்கு அளக்கறதைப் பார்த்தாலே ஏறும். அது கோழைத்தனம் இல்ல, உடம்போட பழக்கம். ஆனா பயம்னாலதான் ஏறுதுன்னு சொல்லி உண்மையில இருக்கறதைக் கோட்டை விட்டுடக் கூடாது. வீட்டுக்கு ஒரு மெஷின் தரேன். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிட்டு வாங்க."

அந்தச் சின்ன இயந்திரம் முதல் இரண்டு நாள் வீட்டில் பாம்பு மாதிரி கிடந்தது. தேவசகாயம் அதைத் தாண்டிப் போகும்போது சுவரோரமாகப் போனார். முதல் நாள் நூற்று அறுபத்திரண்டு. ஞானமணி அதை ஏட்டில் எழுதினாள். இரண்டாம் நாள் நூற்று ஐம்பத்தெட்டு. மூன்றாம் நாள் அவர் சும்மா சாய்ந்திருந்த ஐந்து நிமிடத்தில் தூங்கியே போனார். எழுப்பி அளந்தபோது நூற்று முப்பத்தெட்டு. அதன் பிறகு அது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஞானமணி குழம்பில் உப்பைக் குறைத்தாள். அப்பளத்தை மேல் அலமாரியில் வைத்துவிட்டு, அது எங்கே என்று தனக்கே தெரியாது என்று சாதித்தாள்.

"கொஞ்சம் இருக்கு," என்றார் டாக்டர், ஏட்டைப் பார்த்துவிட்டு. "பயம் அதைவிட நிறைய இருக்கு. ரெண்டுக்கும் வேற வேற மருந்து. முதலாவதுக்குத் தினம் நடங்க, உப்பைக் குறைங்க, ஒரு சின்ன மாத்திரை. ரெண்டாவதுக்கு, அளந்துக்கிட்டே இருங்க. பழகிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எதை எதிர்பார்த்தீங்க?"

முப்பது வருடமாகத் தேவசகாயம் ஒரு யானையை எதிர்பார்த்துக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். திறந்து பார்த்தால் வாசலில் ஓர் ஆட்டுக்குட்டி நின்றது. அதற்கும் தீனி போடத்தான் வேண்டும், ஆனால் அதோடு வாழலாம்.

அன்று சாயங்காலம் தேவசகாயம் வாரியத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மயில்சாமி பதறிப்போய் வந்தான்.

"எதுக்குங்ணா இந்த வேல? யாரு கேட்டா? வேலைக்கே உலை வெச்சுருவாங்க!"

"டேய், நடத்துநர்களை யாரும் அளக்கறதில்ல. நீ ஒருத்தன் மாட்டின. டிப்போவுல இன்னும் எத்தனை பேரு கல்லு மாதிரி இருக்கேன்னு தட்டிக் காமிச்சிட்டுத் திரியறானோ? அவங்களையும் அளங்கன்னு நான் சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லித்தான் ஆகணும்."

ஞானமணி கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். "டயர் பிரிவுல சாயங்காலம் அஞ்சு மணிக்கே விட்டுருவாங்க," என்றாள். "போனா போகட்டும்."

மூன்றாவது வாரம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கோயம்புத்தூரில் வாரிய அலுவலகத்தின் நான்காவது மாடி. துணை மேலாளர் வசுமதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிரே விறைத்து உட்கார்ந்திருந்த தேவசகாயத்தைப் பார்த்தார்.

"உங்க லெட்டர் வந்ததும் பதிவை எடுத்துப் பார்த்தோம். அன்னைக்கு முதல் ரெண்டு தடவை உங்க கை இல்லைன்னு பூட்டுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஒவ்வொருத்தர் நாடித்துடிப்புக்கும் ஒரு சாயல் உண்டு."

"அப்புறம் ஏன் மேடம் அது சொல்லலை?"

"அங்கதான் வேடிக்கை. ஆள் மாறாட்டம் பண்ணினா வண்டியைப் பூட்டு, எங்களுக்குச் சொல்லுன்னு எழுதியிருக்கோம். ஆனா எண் நூற்றைம்பதுக்குக் கீழே வந்தா மட்டும்தான் அந்த விதி பொருந்தும். தன்னைவிட மோசமான கையை ஒருத்தர் கடன் வாங்குவார்னு எங்க ஆளுங்க யாரும் நினைக்கலை." அவர் தடித்த புத்தகம் ஒன்றைத் தட்டினார். "சட்டத்துலயும் அதுக்குப் பிரிவு இல்லை. நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. இப்ப தெரிஞ்சும் எதுல தண்டிக்கிறதுன்னு தெரியலை. எச்சரிக்கைன்னு ஒரு வரி எழுதி மூடிடறேன். நடத்துநர்களை அளக்கச் சொல்லி உத்தரவு போயாச்சு. உங்க டிப்போவுல மட்டும் ஒன்பது பேருக்கு ஏறியிருக்கு."

"ஒன்பதா!"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்கேன்னுதான் சொன்னாங்களாம். அந்த டாக்டர் உங்க லெட்டரோட நாலு பக்கம் அனுப்பியிருந்தாங்க. இனிமே அஞ்சு நிமிஷம் சாஞ்சு உட்கார்ந்த பிறகுதான் அளவு. பலகை பயணிகள் கண்ணுல படாது." அவர் மேஜைத் திரையைத் தேவசகாயத்தின் பக்கம் திருப்பினார். "இன்னொன்னு. இதைப் பாருங்க."

திரையில் ஒரு கோடு. இடது ஓரத்தில் செங்குத்தாக மலை ஏறியது. உச்சியிலிருந்து சரிந்து, பிறகு வலது கோடிவரை அமைதியாக, ஆற்றுப் படுகை மாதிரி கிடந்தது.

"இது நீங்க. இந்த உச்சி, பூட்டுல கையை விட்டப்ப. அதுக்கப்புறம் எல்லாம் வண்டி ஓட்டும்போது. இருபத்தொன்பதாவது வளைவுல பாருங்க, எதிர்ல லாரி வந்திருக்கு. நூத்தி இருபத்திரெண்டு. மலைத் தடத்துல ஓட்டற அத்தனை பேருலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சா இப்படி இறங்கற ஒரே ஆள் நீங்கதான்."

தேவசகாயம் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தை முதன்முதலாகக் கண்ணாடியில் பார்ப்பவர் மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"ஓட்டும்போது யாரு மேடம் அளந்தா?"

"ஸ்டியரிங். வளையத்துக்குள்ள உணரி இருக்கு. ஆராய்ச்சிப் பிரிவு வெச்சது. அவங்க மூணாவது மாடி, பூட்டுப் பிரிவு அஞ்சாவது மாடி. பேசிக்கிறதில்லை."

"யாரைக் கேட்டு வெச்சாங்க?"

வசுமதி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். பார்க்கச் சந்தோஷமா இருக்கு. ஆனா அளக்கறாங்கன்னு எனக்குத் தெரியாம இருந்ததாலதான அது இப்படிப் படுத்துக் கிடக்கு? இப்ப சொல்லிட்டீங்களே! நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டா நான் என்ன ஆவேன்? எனக்குன்னு இருந்தது அந்த ஒரு இடம்தான்."

வசுமதி கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

"இதை நாங்க யோசிக்கவே இல்லை," என்றார் மெதுவாக. "கழட்டிடறோம். இனிமே யார் வண்டியில வைக்கிறதா இருந்தாலும் கேட்டுட்டுத்தான். எழுத்துல தரேன்."

எழுத்தில் வந்தது, முத்திரையோடு. தேவசகாயம் அதைப் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் கழற்றியதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று ஓர் அரிப்பு உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டை நெரித்தது. அவருக்கும் மயில்சாமிக்கும் மட்டும் தெரியும்படி எண் வந்தது. வண்டி உயிர் பெற்றது.

"எவ்வளவுய்யா?" பின்னாலிருந்து பாக்கியத்தாய் கேட்டார்.

"அது எங்களுக்குள்ளங்க," என்றான் மயில்சாமி. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவன் படியில் தொங்குவதை விட்டுவிட்டான். முன்னால் வந்து, தன் பெரிய மகள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடிக்கப் போவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். மரத்துக்கு வசனம் கிடையாது என்பது அவனுக்குப் பெரிய வருத்தம்.

தேவசகாயம் சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல ஸ்டியரிங்கைத் தொட்டார். முதல் வளைவில் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டாவதில் உள்ளங்கை ஈரமாக இருந்தது. மூன்றாவதுக்கு முன்னால் பனிக்குள் இரண்டு காட்டெருமைகள், கூட ஒரு கன்று. விளக்கைத் தணித்தார். கன்று பேருந்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டுத் தாயின் பின்னால் போயிற்று. வண்டி நகர்ந்தது. "மரத்துக்கு ஒரு வசனமாச்சும் குடுக்கலாமில்லீங்ணா?" என்றான் மயில்சாமி. "காத்தடிச்சா மரம் பேசும்டா, டீச்சர்கிட்ட சொல்லு," என்றார் இவர்.

ஒன்பதாவது வளைவில்தான் நினைவு வந்தது, ஆறு வளைவுகளாகத் தன் கைகளைப் பற்றி நினைக்கவேயில்லை என்று. இனி நினைக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பதற்குள் பத்தாவது வளைவு வந்துவிட்டது.